யீஷூன் வீடு, ஜோகூர் குடித்தனம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரலில் ஒரு தம்பதி சிங்கப்பூர் யீஷூனில் உள்ள தங்கள் நான்கறை வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட்டுவிட்டு, எல்லைக்கு அப்பால் மலேசியாவில் ஜோகூர் பாருவின் கிழக்குப் பக்கம், பண்டார் ஸ்ரீ ஆலாமில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். கணவர் 1958-ல் பிறந்தவர். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஐந்து வயது இளையவர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருந்தார், முழங்கால் வலி வந்ததும் விட்டுவிட்டார். மூத்த மகள் சிங்கப்பூரிலேயே செங்காங்கில் கணவர், குழந்தையுடன் இருக்கிறார். இளையவள் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறாள். பெயர்களைத் தவிர்த்து, அவர்களுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அண்ணன், அக்கா என்று அழைத்தே பழக்கம், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஓய்வு பெற்ற குடும்பங்களின் வரவு செலவை உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. ‘ஜோகூருக்குப் போய்விட்டால் என்ன?’ என்று கேட்காத குடும்பம் இப்போது குறைவு. பொருள் சேவை வரி 2024-ல் 9 விழுக்காடானபின் அந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி வருகிறது. இந்தத் தம்பதி போகும் முன் என்னிடம் வரவில்லை. போய் ஒன்றரை ஆண்டு கழித்து, ஒரு வரிக் கடிதத்துடன் வந்தார்கள். கூடவே அக்காவின் கணக்கு நோட்டும் வந்தது. அந்த நோட்டு இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

போவதற்கு முன் நிலைமை

வீட்டுக் கடன் முழுவதும் அடைந்திருந்தது. அண்ணனுக்கு மத்திய சேம நிதியிலிருந்து வாழ்நாள் மாதத்தொகை 980 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு 65 வயது ஆகவில்லை, எனவே அவருக்கு இன்னும் தொடங்கவில்லை. மகள்கள் இருவரும் சேர்ந்து 400 வெள்ளி தருவார்கள். ஆக வரவு 1,380. செலவு, மருந்து, விசேஷங்கள், மொய், கோயில் எல்லாம் சேர்த்து 2,250 வெள்ளியை ஒட்டி. மாதம் 870 வெள்ளி சேமிப்பிலிருந்து கரைந்தது.

வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் எண் குறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது உழைத்தே பழகிய மனிதருக்குத் தாங்க முடியாத விஷயம். அண்ணன் இரவில் தூங்கவில்லை என்று அக்கா சொன்னார். இந்தப் பயத்தைச் சிறுமையாக எண்ண எனக்கு மனம் வராது. அவர்கள் எல்லை தாண்டியதற்கு விலைவாசியைக் காட்டிலும் அந்தப் பயமே பெரிய காரணம்.

திருச்சிப் பக்கம் போய்விடலாமா என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. அண்ணனின் தந்தைவழி உறவினர்கள் அங்கே இருக்கிறார்கள், நான்கு மணி நேர விமானம். ஆனால் செங்காங்கில் பேத்தி இருக்கிறாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

காகிதத்தில் போட்ட கணக்கு

யீஷூன் வீட்டுக்கு 3,000 வெள்ளி வாடகை. ஸ்ரீ ஆலாமில் மூன்று படுக்கையறை, முன்னால் வாசல், கேட் எல்லாம் உள்ள வீட்டுக்கு 1,800 ரிங்கிட். சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், இணையம், கிராப் வாடகை வண்டி எல்லாம் சேர்த்து மொத்தம் 4,500 ரிங்கிட் என்று அண்ணன் எழுதியிருந்தார். அப்போது ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ மூன்றரை ரிங்கிட் கிடைத்தது, எனவே 1,286 வெள்ளி. சிங்கப்பூர்ப் பக்கச் செலவுக்கு, நகர மன்றக் கட்டணம் உட்பட, 225 வெள்ளி. வரவு 4,380 என்னும்போது மாதம் 2,870 வெள்ளி மீதம். மாதம் 870 குறைந்துகொண்டிருந்த இடத்தில் 2,870 கூடுகிறது என்றால் யாருக்குத்தான் பெட்டி கட்டத் தோன்றாது?

ஒன்றைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, மற்ற அறைகளை ‘அறை வாடகை’ என்று பதிந்துவிட்டுப் போங்கள் என்று ஒரு முகவர் யோசனை சொல்லியிருக்கிறார். இவர்களுடையது போன்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (அரசு) வீட்டில் அறைகளை மட்டும் வாடகைக்கு விடுபவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவிட்டு வேறிடத்தில் வசிப்பது விதிமீறல், வீடே பறிபோகக்கூடிய அளவுக்குப் பெரிய விஷயம். அண்ணன் அதற்கு இணங்கவில்லை. முழு வீட்டையும் வாடகைக்கு விட முறைப்படி அனுமதி வாங்கினார். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்த குடிமக்களுக்கு அந்த அனுமதி உண்டு, நிரந்தரவாசிகளுக்கு இல்லை.

அக்காவின் நோட்டு

பள்ளிப்பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் ரிங்கிட், வலப்பக்கம் வெள்ளி, நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு. கடை நடத்திய கை என்பது பார்த்ததும் தெரியும். தேங்காய், கறிவேப்பிலை, எரிவாயு உருளை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தன. ‘தோசை 3, டீ 2’ என்று ரிங்கிட் பக்கத்திலும், சில வரி தள்ளி ‘தோசை 3, டீ 2’ என்று வெள்ளிப் பக்கத்திலும் எழுதியிருந்தார். இலக்கம் ஒன்று, காசு வேறு. சாப்பாட்டு விஷயத்தில் ஜோகூர் மலிவுதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. 1973 வரை இரு நாட்டுக் காசும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியானது. அண்ணன் தொடக்கப்பள்ளி படித்த காலத்தில் அது அவருக்குச் சாதாரணம். இன்று அவர் வாழ்வதே அந்த வித்தியாசத்தின் மேல்தான்.

ஆனால் நோட்டின் கூட்டுத்தொகை காகிதக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. மாதச் சராசரி 5,600 ரிங்கிட் வந்தது. மாடி வீட்டில் இரண்டு குளிரூட்டிகள், வெயிலில் காயும் கூரை, அதனால் மின்கட்டணம் ஏறியது. கார் இல்லாததால் காய்கறி வாங்கப் போனாலும் கிராப். ஜன்னல் கம்பிகளும் கேட்டுப் பூட்டும் மாற்றியாக வேண்டியிருந்தது. இதற்கிடையே நாணய மாற்று 3.3-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. ரிங்கிட் வலுப்பெற்றது மலேசியர்களுக்கு நல்ல செய்தி, வெள்ளியை மாற்றிச் சாப்பிடுபவருக்கோ விலைவாசி ஏற்றம். 5,600 ரிங்கிட் என்பது 1,700 வெள்ளி.

சிங்கப்பூர்ப் பக்கம் 225 என்று போட்டது 420 ஆகியிருந்தது. பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார்கள். வந்தால் சாப்பிட வேண்டும். நேரமாகிவிட்டால் திரும்பிப் போக டாக்சி.

இரண்டையும் கூட்டினால் 2,120 வெள்ளி. யீஷூனில் இருந்தபோது 2,250. மாதச் செலவில் குறைந்தது 130 வெள்ளி!

அண்ணன் இதை நம்பவில்லை. என் கால்குலேட்டரை வாங்கி, தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். யீஷூனில் அவர்கள் வாடகை கொடுக்கவில்லை, ஜோகூரில் 545 வெள்ளி வாடகை போகிறது. அதைக் கழித்துப் பார்த்தால் அன்றாடச் செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை வாடகையே தின்றுவிட்டது. வங்கிக் கணக்கு பெருகியதற்குக் காரணம் யீஷூன் வீடு தந்த 3,000 வெள்ளி. மலிவான நாடு அவர்களுக்குச் செய்த பெரிய உதவி, சொந்த வீட்டைக் காலி செய்து கொடுக்கத் தோதாக ஓர் இருப்பிடம் தந்தது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘ஜோகூரில் செலவு குறைவு’ என்று பொதுவாகச் சொல்வதால்தான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

வாடகையின் அடியில் இருப்பவை

3,000 வெள்ளி முழுதாகக் கைக்கு வருவதில்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு முகவர் கட்டணம் ஒரு மாத வாடகை, அதன்மேல் பொருள் சேவை வரி. 3,270 வெள்ளியை மாதங்களுக்குப் பிரித்தால் 136. குளிரூட்டி, சுடுநீர்க் கலன் பழுதுபார்ப்பு 75.

அடுத்து சொத்து வரி. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு விகிதம், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வேறு. 2025 முதல் குடியிருக்கும் வீட்டுக்கு வரித்துறை கணிக்கும் ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரியே இல்லை. வாடகைக்கு விட்டால் முதல் வெள்ளியிலிருந்தே 12 விழுக்காடு. ஆண்டு மதிப்பு 12,000 என்றால் சுழியமாக இருந்த வரி 1,440 வெள்ளியாகிறது, மாதத்துக்கு 120.

கடைசியாக வருமான வரி. இவர்கள் என்னிடம் கொண்டுவந்த கடிதம் இதைப் பற்றித்தான். சேம நிதி மாதத்தொகைக்கு வரி கிடையாது. வாடகை வருமானத்துக்கு உண்டு. ஆண்டுக்கு 36,000 வெள்ளி, அதில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், மீதம் 30,600. வீடு இருவர் பெயரிலும் சமமாக இருப்பதால் ஆளுக்கு 15,300. சிங்கப்பூரில் வசிப்பவர் என்ற நிலையில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை என்பதால் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. வசிக்காதவர் என்று கொள்ளப்பட்டால் அந்தச் சலுகை கிடையாது, நேராக 24 விழுக்காடு. இருவருக்கும் சேர்த்து 7,344 வெள்ளி.

சிங்கப்பூரின் சிவப்புக் கடப்பிதழ் வைத்திருப்பதாலேயே ஒருவர் வரிச் சட்டத்தில் வசிப்பவர் ஆகிவிடுவதில்லை. தற்காலிகமாக வெளியே போய்வருவதைத் தவிர வழக்கமாக இங்கேதான் வசிக்கிறாரா என்பதே கேள்வி. குடியிருக்கும் வீடு ஸ்ரீ ஆலாமில், யீஷூன் வீட்டில் வேறொரு குடும்பம் என்னும்போது அந்தக் கேள்விக்கு எளிதாக ‘ஆம்’ சொல்ல முடியாது. முடிவு இன்னும் வரவில்லை. நான் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். வரி இல்லையென்றால் மாத மீதம் சுமார் 1,930 வெள்ளி. வரி உண்டென்றால் 1,315.

அதே கேள்வி எல்லைக்கு அப்பாலும் நிற்கிறது. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு மலேசியா தருவது 30 நாள் வருகை அனுமதி. பேத்தியைப் பார்க்க அடிக்கடி வருவதால் இவர்களுக்கு அது தானாகவே புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஆனால் வருகை அனுமதி குடியிருப்பு அனுமதி ஆகாது. ஒரு முறை குடிநுழைவு அதிகாரி ‘இங்கே குடியிருக்கிறீர்களா?’ என்று கேட்டதும் அக்காவுக்கு நா எழவில்லை. முறையான வழி ‘மலேசியா எனது இரண்டாம் இல்லம்’ திட்டம். 2024-ல் மாற்றியமைக்கப்பட்டபின் அதன் ‘சில்வர்’ பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும், வீடும் வாங்கியாக வேண்டும். மாதம் 870 வெள்ளி பற்றாமல் கிளம்பியவர்களுக்கு அது எட்டாக்கனி. வருகை முத்திரையை நம்பி ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்துவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செவ்வாய், வியாழன்

அக்கா வாரத்தில் இரண்டு நாள் பேத்தியைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துக்கொள்கிறார். யீஷூனில் இருந்தபோதும் அதையே செய்தார், அப்போது மாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் போதும். இப்போது பகல் ஒன்றரைக்கே வீட்டைப் பூட்டுகிறார்.

கிராப் வண்டியில் ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையம். மேலே ஏறி மலேசியக் குடிநுழைவு. கீழே இறங்கி 950 எண் பஸ்ஸுக்கு வரிசை. இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான், சில நாள் பஸ் அதைக் கடக்கவே அரை மணி நேரமாகிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பையோடு இறங்கி மறுபடி ஏற்றம், மறுபடி குடிநுழைவு, மறுபடி இறக்கம். இறக்கிவிட்ட பஸ் காத்திருக்காது. அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸுக்கு இன்னொரு வரிசை. அங்கிருந்து செங்காங். திரும்பும்போது சிங்கப்பூரில் வேலை முடித்து ஜோகூருக்குப் போகும் பெருங்கூட்டத்தோடு சேர்ந்து நிற்க வேண்டும். முழங்கால் வலிக்காகக் கடையை விட்ட பெண் அவர். நோட்டில் பஸ் கட்டணம் இருக்கிறது, டாக்சி இருக்கிறது, வலிநிவாரணத் தைலம்கூட இருக்கிறது. அந்த மணி நேரங்களுக்கு நோட்டில் பத்தி இல்லை.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் திட்டமிட்டிருக்கிறார்கள். பயண நேரம் ஐந்து நிமிடம், இரு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அது வந்தால் இந்தக் கதையின் இந்தப் பகுதி மாறும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்ரீ ஆலாமிலிருந்து புக்கிட் சாகார் வரையான சாலை அப்படியேதான் இருக்கும். வீட்டு உரிமையாளரும் அடுத்த ஒப்பந்தத்துக்கு 2,100 ரிங்கிட் கேட்டுவிட்டார்.

ஓர் இரவு

அண்ணனுக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் உண்டு. மருத்துவப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் யீஷூன் பலதுறை மருந்தகத்துக்கே வருகிறார். மெர்டேக்கா தலைமுறைச் சலுகை என்னும் மூத்தோர் மருத்துவச் சலுகை குடிமகனுக்கு உரியது, முகவரி எங்கிருந்தாலும் இங்கு வந்தால் கிடைக்கும். அதில் குறையில்லை.

2025-ல் ஓர் இரவு நெஞ்சு வலி. அக்கம்பக்கத்துப் பையன் தன் காரில் ஏற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். நன்றாகக் கவனித்தார்கள், மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்து இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். கட்டணம் 8,400 ரிங்கிட், ஏறத்தாழ 2,545 வெள்ளி. சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லாது. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவை மலேசியாவில் பயன்படுத்தும் வழி 2010 முதல் உண்டு. ஆனால் அது அங்கீகரித்த மருத்துவமனைகளில், இங்கிருந்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போகும் சிகிச்சைக்கு. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போவதற்கு உதவாது. கூடுதல் தனியார் காப்பீடு இவர்களிடம் இல்லை. பணம் கையிலிருந்து போனது. ஒன்றரை ஆண்டுக்குப் பகிர்ந்தால் மாதம் 141. வரியும் உண்டென்று வைத்துக்கொண்டால் மீதம் 1,175 ஆகிறது.

மூத்த மகள் காலையில்தான் செய்தி அறிந்தாள். அன்று பாலத்தில் நின்ற நேரத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசவில்லை, அழுதாள்.

அண்ணன் தரப்பு

அவருக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது என்பதையும் எழுதியாக வேண்டும். வாழ்க்கை முழுவதும் அடுக்குமாடியில் இருந்தவர் முதன்முறையாகத் தரையில் செடி வைத்தார். மல்லிகை, கறிவேப்பிலை, ஒரு முருங்கை. கடற்படைத் தள வட்டாரத்தில் வளர்ந்தவர், மலாய் சரளமாகப் பேசுவார், தெருவில் எல்லாரும் பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் தெப்ராவ் பக்கம் கண்ணாடிக் கோயிலுக்குப் போவார்கள். பங்குனி உத்திரத்துக்கு யீஷூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் தொண்டு செய்ய மட்டும் தவறாமல் வந்துவிடுவார். “சிங்கப்பூரில் காசை எண்ணிக்கொண்டே இருந்தேன், தம்பி. இங்கே சாயங்காலம் வாசலில் உட்கார்கிறேன்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்த வாசலுக்கு விலை போட எனக்கு உரிமையும் இல்லை. உடல்நலமும் காரும் சேமிப்பும் உள்ள, வாரந்தோறும் பாலம் தாண்ட வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு தம்பதிக்கு அவர் சொல்வது முழு நியாயம்.

பார்க்காமல் விட்ட கணக்கு

பற்றாக்குறை மாதம் 870 வெள்ளி. யீஷூன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் 1,000 வெள்ளி கிடைக்கும். பற்றாக்குறை அன்றே தீர்ந்து 130 மிஞ்சும். இரண்டு அறை விட்டால் 1,900, அதாவது 1,030 மீதம். சொந்தக்காரர் வீட்டிலேயே இருப்பதால் சொத்து வரி பழைய விகிதத்திலேயே இருக்கும், வருமான வரி வராது, பாலம் இல்லை, குடிநுழைவு இல்லை, மெடிஷீல்டு கையெட்டும் தூரத்தில். ஜோகூர் தரும் 1,175-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 145 வெள்ளி.

இன்னொன்றும் இருக்கிறது. 2028-ல் அக்காவுக்கு 65 ஆகிறது. அவருடைய சேம நிதி மாதத்தொகை 600 வெள்ளியை ஒட்டி வரும். அதற்குப்பின் பற்றாக்குறை 270 மட்டுமே. இவர்களைத் தூங்கவிடாமல் செய்த குழி நான்கு ஆண்டுக் குழி. அதை மூட நாடு மாறியிருக்க வேண்டியதில்லை என்று நான் நேராகவே சொன்னேன்.

அறை வாடகை யோசனை முன்பே வந்ததுதான். தடுத்தது அக்கா. முன்பின் தெரியாதவர் தன் அடுப்படியில் நிற்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவருக்கு வீட்டு அடுப்படி மட்டுமாவது தனக்கென்று வேண்டும் என்றிருந்தது. அதை நான் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நெஞ்சு வலி இரவுக்குப்பின் அவர்தான் முதலில் பேச்செடுத்தார்.

2026 ஏப்ரலில் யீஷூன் ஒப்பந்தம் முடிகிறது. குடியிருப்பவர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தாகிவிட்டது. வாடகைக் காலம் முடிவதை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குத் தெரிவிப்பதும், திரும்பிக் குடியேறும் தேதியிலிருந்து உரிமையாளர் விகிதத்தில் சொத்து வரி கேட்டு விண்ணப்பிப்பதும் அண்ணன் பொறுப்பு. 24 விழுக்காட்டு வரி வந்தால் கட்டுவதற்காக 7,344 வெள்ளியைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஓர் அறை மட்டும் வாடகைக்கு. முகவரிடம் அக்கா சொன்ன நிபந்தனை: வேலைக்குப் போகும் பெண்ணாக இருக்க வேண்டும், அடுப்பு காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு எட்டு மணிக்குப் பின்பும் அவளுக்கு, இடையில் தனக்கு.